தட்டிக்கு அந்தப் பக்கம்

நேற்று உன் கருமாதிக்கு வந்திருந்தேன். சாப்பிட்டுக் கை கழுவ உன் வீட்டுக் கொல்லைக்குப் போனால், வேலியோரம் ஊமத்தை மண்டிக் கிடக்கிறது. ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கினேன். அந்தப் பச்சை நாற்றம் மூக்கில் ஏறியதும் அழுகை வந்துவிட்டது. காலையெல்லாம் உன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தும் வராத அழுகை. உன் மகள் ஓடி வந்து, "அதத் தொடாதீங்க பெரிம்மா, விஷம்" என்றாள். அம்மாவும் பெரியம்மாவும் அதை வாராவாரம் அரைத்தவர்கள் என்று அவளுக்கு யார் சொல்வது?

வெள்ளிக்கிழமை கடைசி மணியில் கரும்பலகைக்குக் கறுப்பேற்றுவது பெண்பிள்ளைகள் வேலை. ஒன்பதாம் வகுப்பில் பெண்பிள்ளைகள் என்று இருந்ததே நாம் இருவர்தான். ஊமத்தை இலையையும் அடுப்புக்கரியையும் கல்லில் அரைத்துத் துணியால் பூசுவோம். திங்கட்கிழமை பலகை பளபளக்கும். நம் நகக்கண்ணில் கறுப்பு ஒட்டிக்கிடக்கும். கூரைக் கொட்டகை, இடுப்பளவு மண்சுவர், அதற்கு அந்தப் பக்கம் யாருடையதோ நிலக்கடலைக் காடு, நம் பேச்சில் கல்லக்கா காடு. அதுதான் நம் வகுப்பு.

அந்த வருஷம் நீ வயதுக்கு வந்தாய். பசங்களோடு ஒரே கூரையில் உட்காரக் கூடாது என்று உன்னை நிறுத்திவிட்டார்கள். ஆனால் பகலெல்லாம் வெயிலில் களை வெட்டலாமாம். இந்த நியாயம் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. உன்னை நிறுத்தினால் என் படிப்பும் போச்சு. "ஒத்தப் பொட்டப்புள்ளய அந்த ஏரிக்கரை வழியா அனுப்ப மாட்டேன். வூட்லயே இருக்கட்டும்" என்று அப்பா முடிவாகச் சொல்லிவிட்டார். நான் சோறு தின்னாமல் கிடந்தேன்.

மறுநாள் காலையில் நீ எங்கள் வாசலில் வந்து நின்றாய், கையில் களைக்கொத்தோடு. "பள்ளிக்கூடத்து ஓரமா கல்லக்கா காட்டுல ஆள் கூப்புடறாங்க பெரிப்பா. காலைல இவகூடவே போயி, சாயங்காலம் இவகூடவே வந்துடறனுங்க" என்றாய். அப்பா உன்னையும் களைக்கொத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்து, கிளம்பு என்று தலையை ஆட்டினார்.

அப்படித்தான் நான் படித்தேன். கடலை இல்லாத காலத்தில் கேழ்வரகு, அதுவும் இல்லாவிட்டால் கிணற்றுமேட்டில் புல் அறுப்பு என்று ஏதோ ஒரு வேலையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கத்திலேயே இருந்தாய். வெள்ளிக்கிழமை தவறாமல் ஊமத்தை இலையைக் கட்டி அரைச்சுவர்மேல் வைத்துவிடுவாய். சாயங்காலம் நடக்கும்போது அன்றைய பாடத்தை எனக்கே ஒப்பிப்பாய். "சரித்திர சாரு இன்னிக்கு மெதுவாப் பேசிட்டாரு. பாதிதான் கேட்டுச்சு. மிச்சத்த நீ சொல்லு" என்பாய். உள்ளே உட்கார்ந்திருந்த எனக்குத்தான் பல நாள் அந்த மிச்சம் தெரியாது.

பிறகு அந்தத் தட்டி வந்தது. பையன்கள் காட்டு வேலைக்காரப் பெண்களை வேடிக்கை பார்க்கிறார்கள் என்று தலைமை ஆசிரியர் சுவருக்குமேல் கூரை முட்ட மூங்கில் தட்டி கட்டச் சொல்லிவிட்டார். வகுப்பு இருட்டாகிவிட்டது. அன்று சாயங்காலம் நீ ஒன்றும் கேட்கவில்லை. நானாகப் பாடத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். "வேணாம் புள்ள, கால் வலிக்குது" என்று முன்னால் நடந்தாய். ஏரிக்கரை முழுக்க உன் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

அடுத்த நாள் தமிழ்ப் பாடம் வாசிக்க எழுந்தேன். தொண்டை கிழிய வாசித்தேன். பையன்கள் சிரித்தார்கள். இங்கே யாருக்கும் காது செவிடில்லை, மெதுவாகப் படி என்றார் ஐயா. அடுத்த வரியை இன்னும் ஓங்கி வாசித்தேன். அதன்பின் யார் என்ன சொன்னாலும் எனக்கு வாசிப்பு அப்படித்தான். அது உனக்குக் கேட்டதா என்று நான் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. ஆனால் அந்த வெள்ளிக்கிழமையும் தட்டிக்கு அடியில் செருகிய இலைக்கட்டு இருந்தது. பதினோராம் வகுப்புப் பரீட்சை முடியும்வரை இருந்தது.

எனக்கு அரூர்ப் பக்கம் டீச்சர் வேலை கிடைத்தது, உனக்குக் கல்யாணம் ஆனது. பார்க்கும்போதெல்லாம் பிள்ளைகளைப் பற்றிப் பேசினோம், மழையைப் பற்றிப் பேசினோம். இதை மட்டும் பேசவில்லை. அடுத்த முறை கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். இப்போது யாரிடம் போய்க் கேட்பேன்?

நேற்று திரும்பும் வழியில் நம் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். டைல்ஸ் தரை, மின்விசிறி, கண்ணாடி ஜன்னல். கரும்பலகை இருந்த இடத்தில் பெரிய திரை. தொட்டால் படம் ஓடுகிறது. பிள்ளைகளில் பாதிக்கு மேல் பெண்கள். எனக்கு வயிறு குளிர்ந்தது, பொய் சொல்லவில்லை. பழைய மாணவி என்றதும் அங்கிருந்த இளம் டீச்சர் இரண்டு வார்த்தை பேசச் சொன்னாள். நான் வாயைத் திறந்ததும் முன்வரிசைச் சிறுமி காதைப் பொத்திக்கொண்டாள். வேலை பார்த்த பள்ளிகளிலும் என்னைச் சத்தக்கார டீச்சர் என்றுதான் சொல்வார்கள்.

ஜன்னலைத் திறக்கச் சொன்னேன்.

"வெளிச்சம் பட்டா ஸ்கிரீன் தெரியாதுங்க மேடம்" என்றாள் அந்த டீச்சர்.

"கொஞ்ச நேரந்தாம்மா" என்றேன்.

திறந்தாள். கடலைக் காடு இல்லை. மனைக்கல் நட்டு வரிசையாகப் பிரித்திருக்கிறார்கள். ஓர் ஆள் இல்லை. நான் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு, இருக்கிற தொண்டையெல்லாம் சேர்த்துப் பேசினேன்.