குலுக்காமல் ஊற்றிய ஆயில்

மச்சான்,

நீ வாங்கி வைத்த இஞ்சின் ஆயில் டப்பாவை உன் தங்கச்சி இன்று காலையில் சோப்புப் போட்டுக் கழுவி, கொல்லைச் சுவர் மேல் கவிழ்த்து வைத்தாள். எடுத்து மோந்து பார்த்தேன். ஆயில் வாசனை போய்விட்டது. ஈரக் களிமண் வாசனை அடிக்கிறது. கடையில் சீலோடு வாங்கிய டப்பா அது, களிமண் பக்கம் போனதே கிடையாது. "உனக்கும் அடிக்குதா?" என்று அவளைக் கேட்டேன். "அடிக்காம? அண்ணன் வேலை முடிச்சி வந்தா இப்படித்தான அடிக்கும்" என்று சொல்லிவிட்டு அவள் பாட்டுக்கு உள்ளே போய்விட்டாள். அதான் உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

நாம் இரண்டு பேரும் சேர்ந்து இந்தக் குட்டியானை வண்டியை வாங்கியபோது உனக்கு ஓட்டவே தெரியாது. பொம்மைக் கம்பெனியில் அச்சுக்கு மண் கரைசல் ஊற்றுகிறவன் நீ. அதே பொம்மைகளை வைக்கோல் வைத்துக் கட்டி ஊர் ஊராக ஏற்றிப் போகிறவன் நான். கல்யாணமே வேண்டாமென்று தங்கச்சி வீட்டோடு இருந்துவிட்டாய். ஓட்டத் தெரியாவிட்டாலும் ஆயில் மாற்றுகிற வேலையை மட்டும் யாருக்கும் விடமாட்டாய். புது டப்பாவை இரண்டு கையாலும் பிடித்து, களக் களக் என்று குலுக்குவாய் பார், தெருவே திரும்பிப் பார்க்கும். அப்புறம் காதோடு வைத்துக் கேட்பாய்.

"இது இன்னா தேங்காயா, தண்ணி கெடக்குதான்னு பாக்கற?" என்று கிண்டல் பண்ணுவேன்.

"மண்ணுக் கரைசல கலக்காம ஊத்துனா இன்னா ஆவும் தெரியுமா மாப்ள? கனமெல்லாம் அடியில உக்காந்துரும், மேல தண்ணிதான் வரும். பொம்மைக்கு மூஞ்சி நிக்காது."

"அது மண்ணு. இது ஆயிலு."

"எதுவா இருந்தா இன்னா? சும்மா இருந்தா எல்லாம் அடியில உக்காந்துரும்."

கடைசியில் ஆயில் கடைக்காரரிடமே பஞ்சாயத்துக்குப் போனோம். "உள்ள எல்லாம் ஒண்ணா கரைஞ்சி இருக்குதுங்க, பிரியாது. குலுக்குனா நுரைதான் கட்டும். நுரையோட ஊத்துனா அளவு தப்பாக் காட்டும். குலுக்கியே ஆவணும்னா, கொஞ்ச நேரம் வச்சி நுரை அடங்குனப்புறம் ஊத்துங்க" என்றார் அவர். நான் ஜெயித்துவிட்ட மாதிரி உன்னைப் பார்த்தேன். வீட்டுக்கு வந்ததும் வராததுமாக நீ டப்பாவை எடுத்துக் குலுக்கினாய். உன்னிடம் பேசி ஜெயிக்க எவனால் ஆகும்?

அப்புறம் உன் நெஞ்சிலேயே மண் உட்கார்ந்துவிட்டது. வருஷக்கணக்காக மூச்சோடு உள்ளே போன தூசி என்று டாக்டர் எக்ஸ்ரே படத்தைக் காட்டிச் சொன்னார். படம் முழுக்க வெள்ளை வெள்ளையாக இருந்தது. நீ என்னடாவென்றால் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு சிரித்தாய். "பாத்தியா மாப்ள, அடியில உக்காந்துருச்சி. என்னப் புடிச்சி ஒரு குலுக்கு குலுக்கு, சரியாப் பூடும்." நானும் சிரித்துக்கொண்டே உன் தோளைப் பிடித்து ஆட்டினேன். கையில் வெறும் எலும்புதான் அகப்பட்டது. வெளியே போய் நின்றுகொண்டேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் நீ வாங்கி வைத்த அந்த டப்பா, அலமாரி மேல்தட்டிலேயே இருந்தது. உன் கருமாதியெல்லாம் முடிந்து ஒரு காலையில் தற்செயலாகப் பார்த்தேன். அளவு தெரிவதற்காக டப்பாவின் பக்கத்தில் வெளுத்த கோடு ஒன்று விட்டிருப்பார்களே, அதில் குமிழ்கள் ஏறிக்கொண்டிருந்தன. பொடிப்பொடியாக, ஒன்றன்பின் ஒன்றாக. யாரோ அப்போதுதான் குலுக்கி வைத்த மாதிரி. உன் தங்கச்சி வேலைதான், பாவம், அண்ணன் நினைப்பு என்று விட்டுவிட்டேன். மறுநாளும் அதே கதை. அதற்கு மறுநாளும். ஒருநாள் பொறுக்காமல் கேட்டேவிட்டேன்.

"தெனம் எதுக்கு அதப் போட்டுக் குலுக்கற?"

டீயை நீட்டியவள் அப்படியே நின்றாள். "நான் எங்க குலுக்கறேன்? நீங்கதான குலுக்கறீங்கன்னு நெனச்சிக்கிட்டு இருக்கேன்."

டீ ஆறிப்போனது. இரண்டு பேரும் அலமாரிப் பக்கம் திரும்பவே இல்லை.

நான் இதையெல்லாம் நம்புகிற ஆளா? பக்கத்து மண் அரைக்கிற மில் ஓடினால் நம் சுவரே அதிரும், அதனால்தான் என்று சொல்லிச் சமாளித்தேன். ஆயுத பூஜைக்கு மில்லை மூடியிருந்தார்கள். வண்டிக்குப் படைத்துவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு இரண்டு பேரும் ஸ்ரீமுஷ்ணம் கோயிலுக்குப் போனோம். சாவி என் இடுப்பில். திரும்பி வந்து கதவைத் திறந்ததும் முதலில் அலமாரியைத்தான் பார்த்தேன். குமிழ் ஏறிக்கொண்டிருந்தது. மூடியில் சீல் உடையாமல் அப்படியே இருந்தது.

பயமாகத்தான் இருந்தது மச்சான். ஆனால் உள்ளுக்குள் ஒரு சந்தோஷமும் இருந்தது. காலையில் பல் விளக்குவதற்கு முன்னாலேயே போய்ப் பார்ப்பேன். குமிழ் இருக்கும். சரி, இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு வேலையைப் பார்ப்பேன். ஆயில் மாற்றுகிற நாள் வந்தபோது வேறு டப்பா வாங்கி ஊற்றினேன். உன்னுடையதைத் தொடவில்லை.

போன வாரம் மறுபடியும் அந்த நாள் வந்தது. புது டப்பாவோடு வந்த என்னை உன் தங்கச்சி வாசலிலேயே மறித்துக்கொண்டாள்.

"அதான் ஒண்ணு இருக்குதுல்ல. அத ஊத்துங்க."

"அது இருக்கட்டும்."

"எதுக்கு இருக்கணும்? கடைசியில அண்ணன் மூச்சுக்கு எப்பிடித் தவிச்சிது, நீங்களும்தான பாத்தீங்க. மூடியப் போட்டு அடைச்சி வச்சா அது எப்பிடிங்க மூச்சு விடும்? உங்களுக்கு வேணும்னு உள்ளயே புடிச்சி வச்சிருக்கீங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. ஆயிலுக்குள்ளே ஆள் இருக்கிறானாம், பைத்தியமா பிடித்திருக்கிறது என்று கத்தினேன். "ஆள் இல்லன்னா ஊத்த வேண்டியதுதான?" என்றாள் நிதானமாக. புது டப்பாவைக் கீழே வைத்தேன். ஊற்றிவிட்டால் நீ போய்விடுவாய் என்று பயந்து கிடந்தவன் நான்தான்.

பழைய ஆயிலை இறக்கி முடித்தேன். அவளே டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தாள். கடைக்காரர் சொன்னபடி நுரை அடங்கட்டும் என்று ஓரமாக வைத்துவிட்டுக் காத்திருந்தேன். சாப்பாட்டு நேரம் தாண்டியும் அடங்கவில்லை. "இது அடங்காதுங்க" என்றாள். மூடியைத் திருகினேன். உள்ளேயிருந்து நீளமாக ஒரு காற்று வந்தது. வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றிவிட்டு நீ ஒரு மூச்சு விடுவாயே, அதேதான்.

"குலுக்குங்க. குலுக்காம ஊத்துனா அண்ணன் திட்டும்."

நான் குலுக்கவில்லை. ஏற்கெனவே குலுக்கி வைத்திருந்ததை நான் எதற்கு இன்னொரு தரம் குலுக்குவது? கடைசிச் சொட்டு வரைக்கும் வடியவிட்டேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நானும்தான்.

போய்ச் சேர்ந்துவிட்டாய் என்றுதான் நினைத்தேன். காலையில் அலமாரிப் பக்கம் போய்ப் பழகிய கால், சும்மா போய் நின்றுவிட்டுத் திரும்புகிறது. நேற்று நல்லூருக்கு லோடு. அவளும் கூட வந்தாள், நீ எப்போதும் உட்காருகிற சீட்டில். ரயில்வே கேட் போட்டிருந்தது. இஞ்சினை அணைத்தேன். முன்னாலும் பின்னாலும் எல்லா வண்டியும் அணைந்து கிடந்தது. இந்த வண்டியில் இஞ்சின் சீட்டுக்குக் கீழேதானே இருக்கிறது. அங்கிருந்து, களக் களக் என்று கேட்டது.

அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். குலுக்கியது நீயா, நீங்களா என்று இந்தத் தடவை யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

"குலுங்கிக்கிட்டே இருந்தா அடியில உக்காராது, இல்லங்க?" என்றாள். ஆமாம் என்று தலையாட்டினேன். ரயில் போனது. கேட் ஏறியது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள், "ஏங்க, இந்த ஆயில மறுபடியும் எப்ப எறக்கணும்?"

இன்னும் எத்தனை கிலோமீட்டர் ஓடினால் இறக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள். தோளில் கிடந்த துண்டை எடுத்து மீட்டரின் மேல் போட்டு மூடிவிட்டு, வண்டியைக் கிளப்பினேன்.