இரண்டாம் தரம் கேட்டால்

ஏப்ரல் 8, புதன். பென்டில் ஹில்

காலையிலிருந்து தூறல். கொடியில் போட்ட உடுப்புக் காயவில்லை. ஹீட்டருக்குப் பக்கத்தில் கதிரையை வைத்து அதன் மேல் விரித்திருக்கிறேன். நாளை விடியப் பயணம்.

நியூசிலாந்து. மலைப்பாதையில் நடக்கவும், பனிக்கட்டி மிதக்கிற ஏரியில் கயாக் ஓட்டவும். கயாக் என்பது ஒடுங்கின சின்ன வள்ளம். முன்னுக்கு ஒருவர், பின்னுக்கு ஒருவர் இருந்து துடுப்புப் போட வேண்டும். போகிறது மகள் வாணி, மருமகன் செந்தில், பேத்தி ஆரபி (பதினைந்து), பேரன் கவின் (நாலு), நான். கயாக்குக்கு மூன்று பேர்தான் பதிந்திருக்கிறார்கள். கவின் சின்னன், ஏற்ற மாட்டார்களாம். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

சொன்னது இப்படி. போன மாதம் சாப்பாட்டு மேசையில் மருமகன் லாப்டொப்பில் படம் காட்டினார். சாம்பல் நிறத் தண்ணீர், நடுவில் வீடளவு பனிக்கட்டி. அதற்குள்ளே நீலம்.

"அத்தை, உங்களுக்கும் ஒரு சீட் போட்றட்டுங்களா?"

அவர் கோயம்புத்தூர்ப் பக்கம். மாமி என்று கூப்பிட வராது.

"எனக்கேன் தம்பி உதெல்லாம். நீங்கள் போட்டு வாங்கோ."

அவர் திரும்ப வாயைத் திறக்க முன்னம் வாணி, "அம்மா வேண்டாம் எண்டுட்டா. மூண்டு போடுங்கோ" என்றாள். ஒரு தட்டுத் தட்டினார். முடிந்தது.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் முதல் தரம் கேட்டவுடன் ஓம் என்கிறவளை அலந்தவள், காணாததைக் கண்டவள் என்பார்கள். தேத்தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்டாலும் வேண்டாம் என்றுதான் வாயில் வரும். கேட்டவர் திரும்பக் கேட்பார். பிறகு சரி என்கிறது. யாரும் சொல்லித் தந்ததில்லை. வாணிக்கும் தெரிந்ததுதான். ஆனால் ஊரை விட்டு இங்கே வந்து இருபது வருடம். இங்கே வேண்டாம் என்றால் வேண்டாம்.

திரும்பக் கேட்பார்கள் என்று ஒரு மாதம் பார்த்தேன். நானாகக் கேட்கப் போவதில்லை.

எடுத்து வைத்தவை: சோறு அவிக்கும் குக்கர், மிளகாய்த்தூள், பருப்பு, முழங்கால் எண்ணெய், கம்பளிச் சால்வை, கவினின் மாற்றுடுப்பு, காய்ச்சல் மருந்து. எனக்கென்று எடுத்தது எண்ணெயும் சால்வையும்தான்.

பின்னேரம் வாணி சினேகிதியோடு போனில்: "ஓம், அம்மாவும் வாறா. அதால கவினைப் பாக்க ஆள் இருக்கு." குசினியில் எனக்குக் கேட்கும் என்று நினைத்திருக்க மாட்டாள்.

இரவு தோசை. மருமகன் வழமை போல இரண்டு. "போதுமுங்க அத்தை." கலியாணம் முடித்த நாளிலிருந்து இரண்டுதான். சின்ன வயிறு.


ஏப்ரல் 10, வெள்ளி. மலையடி

நேற்று விமானம், இறங்கின பட்டணத்தில் ஒரு இரவு, இன்று வாடகைக் காரில் அரை நாளுக்கு மேல். இடுப்பு மரத்துப் போச்சு. கவின் இரண்டு தரம் சத்தி எடுத்தான், ஒரு தரம் என் மடியில். வழியில் ஒரு ஏரி, நீலத்தில் பாலைக் கலந்து விட்டது போல. எல்லோரும் இறங்கிப் படம் எடுத்தார்கள். நான் கார்க் கதவைத் திறந்து வைத்துச் சேலையைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன்.

மருமகன் ஓட்டுகிற பக்கத்துக் கதவுப் பைக்குள் வெறும் பிஸ்கட் பக்கெட் மூன்று நாலு. கவினின் வேலையாக இருக்கும்.

தங்கிற இடம் மரத்தால் கட்டின சின்ன வீடு. யன்னலைத் திறந்தால் மலை முழுதும் வெள்ளை. கழுத்தை நிமிர்த்திப் பார்த்தேன். பிறகு குக்கரைப் பிளக்கில் மாட்டினேன். பிளக் இங்கேயும் எங்கள் வீட்டுப் பிளக் மாதிரியே.

எனக்கு ஐஸ் புதிதில்லை. செவன் ஹில்ஸில் கோழி உறைய வைக்கிற இடத்தில் ஒன்பது வருடம் நின்றவள். கையுறைக்கு மேல் கையுறை. இன்னும் குளிர் வந்தால் வலக்கை இரண்டு விரல் வெளுக்கும். ஐஸ் என்றால் மோட்டர் இரைச்சல், கோழி வாசம், சுப்பர்வைசரின் விசில். அதனால்தானோ என்னவோ. மோட்டர் இல்லாமல், ஒருவரும் உறைய வைக்காமல் தன்பாட்டில் உறைந்த ஐஸைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது. கையால் ஒருதரம் தொட வேண்டும். இதை யாருக்குச் சொல்ல. சிரிப்பார்கள்.


ஏப்ரல் 11, சனி

வெயில். ஆனால் காதைக் கடிக்கிற குளிர்.

இன்று நடை. கயாக் நாளைக்கு. பாதை நல்ல பாதைதான், எனக்குத்தான் கால் இல்லை. தொங்குபாலம் வரை போனேன். நடுப்பாலத்தில் காற்று சேலையைத் தூக்க, கம்பியை விடாமல் நின்றேன். கீழே தண்ணீர் சிமெந்து கரைத்த நிறம். பின்னால் வந்த வெள்ளைக்காரக் கிழவி, என்னிலும் மூப்பு, இரண்டு ஊன்றுகோலோடு, "கீப் கோயிங், லவ்" என்று சொல்லிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனாள். கொஞ்சம் கோபம் வந்தது.

"அம்மா, இதோட நிக்கிறியளோ? கவினையும் வச்சிருங்கோ. நாங்கள் கெதியா வந்திடுவம்."

"ஓம், போங்கோ."

மருமகன் நின்று பார்த்தார். "அத்தை, பொறுமையா நடந்தா நீங்களும்..."

"செந்தில், அம்மாக்கு முழங்கால் ஏலாது. கம் ஆன்."

கவினோடு திரும்பி வந்தேன். அவனுக்குக் கல்லுப் பொறுக்க வேண்டும். பொறுக்கின கல்லையெல்லாம் நான் சுமக்க வேண்டும். வந்து சோறு, பருப்பு, முட்டைப் பொரியல். வீட்டுக் குசினியில் இருந்து இன்னொரு குசினிக்கு விமானம் ஏறி வந்திருக்கிறேன்.

அவர்கள் வந்தது பொழுது சாய. ஆரபி முழுத் தூரமும் போய்த் தாயின் பையையும் தானே சுமந்து வந்திருக்கிறாள். சப்பாத்தைக் கழற்ற முன்னம் போனை நீட்டினாள். "அம்மம்மா, லுக்! இதுதான் என்ட். ஐஸ் ஃப்ளோட் பண்ணுது." இந்தப் பிள்ளையின் கால் இரும்பு. பார்க்கிறவர்களிடமெல்லாம் என் பேத்தி என்று சொல்லலாம் போல. படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். பெரிதாக்கினால் கட்டம் கட்டமாகிறது.

கால் வீக்கம். எண்ணெய் போட்டேன்.


ஏப்ரல் 12, ஞாயிறு

காற்று. இரவு முழுக்கக் கூரைத் தகரம் அடித்தது. காலை கயாக்காரர் போன் பண்ணி இன்று ஏலாது, நாளை காலை எட்டுக்கு வாருங்கள் என்றார்களாம். நாளைக்குத்தான் நாங்கள் வெளிக்கிடுகிற நாள். ஆரபி கதவை அடித்துச் சாத்தினாள். வாணி, "அது காத்து. நான் என்ன செய்யிறது?" என்று கதவோடு கதைத்தாள்.

எனக்கு உள்ளுக்குள் சந்தோசம். ஏன் என்று எழுத வெட்கம். அவர்கள் திரும்பக் கேட்க இன்னும் ஒரு நாள் இருக்கிறது.

முழு நாளும் ஐந்து பேரும் ஒரு அறைக்குள். கவின் சுவரில் பந்து எறிந்தான். மத்தியானம் வெங்காயம் தாளிக்க, கூரையில் இருந்த புகை அலாரம் பிடித்துக் கத்தியது. மருமகன் கதிரையில் ஏறித் துவாயால் விசுக்கினார். கவின் காதைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறான். பக்கத்து வீட்டு ஆள் எட்டிப் பார்த்து, "ஸ்மெல்ஸ் குட்!" என்றார். வாணிக்கு அவமானம். "அம்மா, சாண்ட்விச் சாப்பிட்டா செத்துப்போவமே?"

"எனக்கென்ன. நாளைக்குச் சாண்ட்விச் தின்னுங்கோ."

கதிரையால் இறங்கின மருமகன் துவாயை மடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார். "அத்தை, நாளைக்கு என் சீட்ல நீங்க போறீங்களா? நான் கவினோட இருக்கறேன்."

அகப்பையைக் கீழே வைத்தேன்.

வாயில் வந்தது என்ன? "சீ, நீங்கள் ஆசையாப் பதிஞ்சது. எனக்கேன் தம்பி."

"சரிங்க அத்தை" என்றார். போய்விட்டார்.

சட்டியைத் தேய்த்தேன். தேய்த்ததையே திரும்பத் தேய்த்தேன். எழுபத்தொரு வயதில் இந்த நாக்கை வைத்துக்கொண்டு என்ன செய்கிறது. நாளை அவர்கள் போய் வந்து படம் காட்டுவார்கள். பார்த்துவிட்டு நல்லாயிருக்கு என்று சொல்ல வேண்டியதுதான்.

களைப்பு. இவ்வளவுதான் இன்று.


ஏப்ரல் 13, திங்கள்

காற்று விழுந்துவிட்டது. கண்ணாடி போல விடியல். எழுத்துக் கோணல். குளிரால் அல்ல, துடுப்பால்.

காலை எழும்பிக் குசினிக்குப் போக, மருமகன் அங்கே சாரம் கட்டினபடி நிற்கிறார், பால் காய்ச்சிக்கொண்டு. போகிற ஆள் மாதிரி இல்லை. வாசலில் ஆரபியின் மற்றச் சோடிச் சப்பாத்து, உள்ளே தடித்த கம்பளிக் கால்மேசு. என் அளவு.

"ரெடியாவுங்க அத்தை."

"நேற்றுச் சொன்னனான் எல்லே தம்பி."

"நேத்து சொன்னீங்க. இன்னிக்கு மறுபடி கேக்கறேன். எங்கம்மாவும் மொதல்ல வேண்டாம்னுதான் சொல்லுவாங்க."

நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு, "சரி, வாறன்" என்றேன்.

வாணி பல்லுத் தூரிகையோடு வெளியே வந்தாள். "அம்மா! வேண்டாம் எண்டனீங்கள் எல்லே?"

"எண்டனான்."

"பிறகு?"

நான் பாலை இறக்கி வைத்தேன்.

"வேணும் எண்டா வேணும் எண்டு சொல்லுறதுதானே! நான் என்ன சாத்திரம் பாக்கிறவளே?" கண் கலங்கிப் போச்சு அவளுக்கு. கோபமா, வேறேதுமா, தெரியாது.

சேலையோடு ஏற விட மாட்டார்களாம். ஆரபியின் கறுத்த இறுக்கக் காற்சட்டை. வாழ்க்கையில் முதல் தரம். இரண்டு பக்கமும் பிடித்து இழுத்துவிட்டு, "அம்மம்மா, யூ லுக் லைக் எ நிஞ்சா" என்றாள். மேலே மழைக்கோட்டு, அதற்கு மேல் மிதக்க வைக்கிற சட்டை, இடுப்பைச் சுற்றித் தண்ணீர் மறைக்கிற பாவாடை போல ஒன்று. கூட்டிப் போகிற வெள்ளைக்காரப் பெட்டை என் முழங்காலைத் தட்டிப் பார்த்து, "இருக்கிறதுதானே வேலை, கால் வேண்டாம், தோள்தான்" என்றாள். தோள் என்னிடம் இருக்கிறது. ஒன்பது வருடம் பெட்டி தூக்கின தோள்.

மருமகனின் இடம் வாணிக்கு முன்னால். ஆகவே நானும் அவளும் ஒரு வள்ளம். ஆரபி அந்தப் பெட்டையோடு மற்றதில்.

முதல் கொஞ்ச நேரம் பெரிய கரைச்சல். என் துடுப்பும் அவள் துடுப்பும் இடிபட்டது. "அம்மா, இடம் வலம்! என்ர தாளத்துக்கு அடியுங்கோ." முன்னால் இருக்கிறவள் நான், அவள் தாளம் எனக்கெப்படித் தெரியும்? "நீ என்ர தாளத்தைப் பார்" என்றேன். பின்னுக்கு ஒரு பெருமூச்சு. பிறகு இடிபடவில்லை.

ஏரி சாம்பல். கரையெல்லாம் கல்லுக் குவியல். தூரத்தில் பனியாறு வந்து முடிகிற முகம். உண்மையைச் சொன்னால் அது வெள்ளை இல்லை. வீடு இடித்துக் கொட்டின குப்பை போல ஊத்தை. இதற்கா இவ்வளவு பாடு என்று வந்தது. அந்தப் பெட்டை, தான் வேலைக்கு வந்தபோது அந்த முகம் இன்னும் இங்கால் இருந்தது, ஒவ்வொரு வருடமும் பின்னுக்குப் போகிறது என்றாள்.

மிதக்கிற பெரிய கட்டிகளுக்குக் கிட்டப் போக விடவில்லை. பிரண்டால் அலை எழும்புமாம். தள்ளி நின்று பார்த்தோம். படத்தில் கண்ட நீலம் இருந்தது. படத்தை விட ஆழம். சத்தமே இல்லை. மோட்டர் இல்லை.

கைதான் கழன்று விழுகிறது.

"கை நோகுதோ, அம்மா?"

"இல்லை."

கொஞ்சத் தூரம் போனோம்.

"உண்மையா நோகேல்லையோ?"

திரும்பிப் பார்க்கக் கழுத்து வரவில்லை. "நோகுது" என்றேன். "நல்லா நோகுது."

"துடுப்பைக் குறுக்கால வச்சிட்டு இருங்கோ. நான் ஓட்டுறன்."

வைத்தேன். அவள் பின்னாலிருந்து மூச்சு வாங்க வாங்க ஓட்டினாள். நான் சும்மா இருந்தேன். ஒரு வேலையும் இல்லாமல் நான் இருக்க, இன்னொருவர் கொண்டு போகிறது. எப்படி இருக்க வேண்டும் என்றே தெரியவில்லை. கையை மடியில் வைத்தேன்.

சின்னத் துண்டுகள் மிதந்து வந்தன. ஒன்றை எட்டிப் பிடித்தேன். தேங்காயளவு, கண்ணாடி போல, வெள்ளையே இல்லை. கையுறையைக் கழற்றிவிட்டுப் பிடித்தேன். உள்ளே சின்னச் சின்னக் காற்று. காதுக்குக் கிட்டக் கொண்டு போக, சோடா திறந்தது போல நுரைத்து வெடிக்கிற சத்தம். ஓரத்தைக் கடித்தேன். ஒரு வாசமும் இல்லை. கோழி வாசம் இல்லை.

"அம்மம்மா, யூ'ர் ஈட்டிங் இட்?" ஆரபி மற்ற வள்ளத்திலிருந்து கத்தினாள்.

"உனக்கும் வேணுமே?"

விரல் இரண்டும் வெளுத்துப் போச்சு. வாணி கண்டுவிட்டாள். "கையுறையைப் போடுங்கோ!" போட்டேன்.

கரையில் மருமகன் கவினைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றார். இறங்கத் தெரியாமல் நான் தண்ணீருக்குள் காலை வைக்க, வந்து கையைப் பிடித்தார். அவர் சப்பாத்தும் நனைந்தது. "எப்படிங்க அத்தை?" என்றார். நன்றி சொல்ல வேண்டும். வரவில்லை. "குளிர்" என்றேன்.

பிறகு நாலு மணித்தியாலம் கார். பாதி வழி நித்திரை.


ஏப்ரல் 15, புதன். பென்டில் ஹில்

வெயில். பயணத்து உடுப்பெல்லாம் கொடியில். ஆரபியின் கறுத்தக் காற்சட்டையும். முன்வீட்டார் கண்டால் யாருடையது என்று கேட்கப் போவதில்லை, இருந்தும் உள்ளே இருக்கிற கொடிக்கு மாற்றினேன்.

வருடப்பிறப்பு நேற்று. விமானத்திலேயே போய்விட்டது. கோயிலுக்குப் போக ஒருவருக்கும் உடம்பில்லை. தோள்மூட்டிலிருந்து விரல் வரை நோ. கொண்டை போடக் கை எழும்பவில்லை, ஆரபிதான் பின்னிவிட்டாள். பள்ளிக்கூடப் பெட்டை மாதிரி ஒற்றைப் பின்னல்.

கவின் பொறுக்கின கல்லை விமான நிலையத்தில் எடுத்துவிட்டார்கள், கொண்டு வரக் கூடாதாம். அழுகை. இன்றும் நினைத்து நினைத்து அழுகிறான்.

எங்கள் காரைத் துப்புரவாக்க வாணி குப்பைப் பையோடு போனாள். அதிலும் வெறும் பிஸ்கட் பக்கெட் ஒரு கைப்பிடி. "கவின், இதெல்லாம் நீயே?" என்று அங்கிருந்து கத்தினாள். கவின், "அப்பா! அப்பா ஈட்ஸ் தெம்!" என்றான்.

இரவு தோசை. மா கொஞ்சம் புளிப்பு. மருமகன் இரண்டு சாப்பிட்டார். சாப்பாட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டு எழும்பினார்.

"தம்பி, இன்னும் ஒண்டு?"

"போதுமுங்க அத்தை."

கல்லில் எண்ணெய் தடவிக்கொண்டு திரும்பக் கேட்டேன். "உண்மையாப் போதுமோ?"

நின்றார். வாணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு கதிரையை இழுத்து இருந்தார்.

இன்னும் நாலு சாப்பிட்டார்.