ஆம்ஸ்டர்டாம் போன அக்காவுக்கு

ஒருமுறைகூட நேரில் பார்த்திராத என் அன்பு மரகதம் அக்காவுக்கு,

நான் தனலெட்சுமி. உங்கள் வீட்டுக்காரரை உங்களுக்குப் பிறகு கட்டிக்கொண்டவள். நீங்கள் தலைப்பிரசவத்தில் பிள்ளையோடு போய்ச் சேர்ந்து இரண்டு வருடம் கழித்து, புக்கிட் ரம்பாய் பக்கத்துத் தோட்ட லயத்திலிருந்து என்னைப் பெண் எடுத்தார்கள். உங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்று அவர் ஒருநாள் வாய்தவறிச் சொன்னார். எனக்குத் தெரியும். தோட்டப் பள்ளியில் நாலாவது வரை படித்திருக்கிறேன். உங்களைவிட எனக்கு ஒன்றாவது கூடுதலாக இருக்கிறதே என்று அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன். அங்கே படித்தவர்கள் யாராவது இருந்தால் இதை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

ஜப்பான்காரன் போய் நாலு மாதம் ஆகிறது. தமிழ்ப் பத்திரிகை மறுபடியும் வருகிறது. இந்தக் கடிதத்தை அதற்குத்தான் அனுப்பப் போகிறேன். உங்கள் கதையை நாங்கள் இருக்கும் இந்தக் காஜா பெராங் முழுக்கத் தப்பாகக் கேட்டிருக்கிறது. திருத்துவதென்றால் ஊர் கேட்கத்தானே திருத்த வேண்டும்?

எனக்குக் கல்யாணமாகி மூன்றாம் நாளே அந்தக் கதையைக் கேட்டுவிட்டேன். தோட்டத்துத் துரை வீட்டில் அவர் சமையல்காரர், நீங்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா. துரையின் மனைவி ஒல்லாந்துக்காரி. லீவில் தாய்வீட்டுக்குப் போனபோது உங்கள் இரண்டு பேரையும் கப்பலில் கூட்டிப்போனாள். ஆம்ஸ்டர்டாம் என்ற ஊர். தெருவுக்குப் பதில் வாய்க்கால், வாய்க்காலை ஒட்டி இருபுறமும் ஒல்லி ஒல்லியாக உயர்ந்த வீடுகள். அந்த அம்மாவின் தாய்வீடும் அப்படி ஒடுங்கின வீடுதான். வேலையாட்களுக்கு இடமில்லை, பக்கத்திலேயே எங்காவது அறை பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

பனிக்காலம். அவர் துரையின் பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு, உங்களைப் பாலத்தில் நிற்க வைத்துவிட்டு, வாய்க்கால் ஓரமாகவே கதவு கதவாகத் தட்டினாராம். பதினொரு கதவு சாத்தப்பட்டதாம். பன்னிரண்டாவது கதவில் ஒரு விதவைக் கிழவி. அவர் பேசிய ஆங்கிலத்தில் மனம் இளகி, உச்சியில் இருந்த அறையைக் கொடுத்தாளாம். படிக்கட்டு ஏணி மாதிரி செங்குத்து, கயிற்றைப் பிடித்துத்தான் ஏற முடியும். பெட்டி அந்தப் படியில் ஏறாது. அதனால் வீட்டு நெற்றியில் இருக்கும் கொக்கியில் கயிறு மாட்டி, வெளிப்பக்கமாகவே மேலே இழுத்தார்களாம். வெயில் அடித்தால் வாய்க்கால் தண்ணீரின் வெளிச்சம் அறைக் கூரையில் அலையுமாம். இதையெல்லாம் சொல்லிவிட்டு ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில்தான் முடிப்பார்:

“மரகதம் ஜன்னல்ல இருந்து கைய ஆட்டுனா பாருங்க, அந்த ஊரே அவளத்தான் பாத்துச்சு.”

அக்கா, நான் பிறந்த லயத்திலிருந்து காஜா பெராங்குக்கு ஆறேழு மைல். என் வாழ்நாள் பயணம் அவ்வளவுதான். அதையும் மாட்டுவண்டியில் வந்தேன். நான் ஜன்னலில் நின்று கையை ஆட்டினால் யார் பார்ப்பார்கள்? பக்கத்து வீட்டுக் கோழிகூடத் திரும்பாது.

ஜப்பான்காரன் வந்தபோது துரை குடும்பத்தோடு கப்பலேறிவிட்டார். எங்களுக்கு வேலை போனது, தோட்டத்து வீடும் போனது. காஜா பெராங்கில் பலகை வீடு ஒன்றில் வாடகைக்கு இருந்தோம். அவர் மரவள்ளிக்கிழங்கில் பலகாரம் செய்து பாசாரில் விற்றார். அரிசியைக் கண்ணில் பார்ப்பதே அரிதாக இருந்தது. வெண்ணெயும் பாலும் ரொட்டியும் வரும் கதை என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் அக்கம்பக்கத்துக் கம்பத்து ஜனமே எங்கள் வாசலில் வந்து உட்கார்ந்துவிடும்.

“அண்ணே, அந்த ஒல்லாந்துக் கிழவி வீட்டுல பசியாற என்ன குடுத்தா, அத மறுபடி சொல்லுங்க,” என்பார்கள். “அக்கா அந்தக் குளிர எப்படித் தாங்குனாங்க?” என்று கேட்பார்கள். அக்கா என்றால் நீங்கள். ஆவி பறக்க மரவள்ளிக்கிழங்கை அவித்துக் கொண்டுவந்து வைக்கிற நான் அங்கே யார்? ஒருநாள் வேண்டுமென்றே கிழங்குச் சட்டியை ‘டொம்’ என்று வைத்தேன். எல்லோரும் ஒரு நிமிடம் திரும்பிப் பார்த்துவிட்டு, மறுபடியும் ஆம்ஸ்டர்டாமுக்கே போய்விட்டார்கள்.

நான் ஏழு மாதம் முழுகாமல் இருந்தபோது எங்கள் வரிசை வீடுகளை ஜப்பான்காரர்கள் பட்டாளத்துச் சாமான் வைக்க எடுத்துக்கொண்டார்கள். மூன்று நாளில் காலிசெய்ய வேண்டும். எனக்குப் பயமே இல்லை அக்கா. உள்ளுக்குள் ஒரு அற்பச் சந்தோஷம்கூட வந்தது. இப்போது எனக்காகவும் கதவு தட்டுவார், எனக்கும் ஒரு கதை கிடைக்கும் என்று நினைத்தேன். எப்படிப்பட்ட பைத்தியக்காரி பாருங்கள்.

முதல் நாள் ஜாலான் துக்காங் எமாஸ் பக்கம் போனோம். கோயிலைத் தாண்டி ஒரு கடைமாடியில் அறை காலி என்று கேள்வி. அவர் கதவுக்கு எதிரே நின்று தொண்டையைச் செருமினார். சீன முதலாளி தவுக்கே வெளியே வந்ததும், “ஒண்ணுமில்ல,” என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். இரண்டாம் நாள் நாலு வீடு. எல்லா இடத்திலும் நானே பேச வேண்டியதாயிற்று. அவர் என்னைத் தாண்டிப் பத்தடி தள்ளி நின்று மழையைப் பார்ப்பார். பேசும்போது சேலைத் தலைப்பை இழுத்து வயிற்றை மறைத்துக்கொள்வேன். இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார்கள். வெளியாள் பிரசவம் வீட்டுக்கு ஆகாது என்றாள் ஒரு சீனத்தி. ஆண்பிள்ளை இருக்கும் தமிழ் வீடென்றால் சயாமில் ரயில்பாதை போட ஜப்பான்காரர்கள் ஆள் பிடிக்க வருவார்கள், எங்களுக்கு வம்பு வேண்டாம் என்றார் ஒரு செட்டியார்.

மூன்றாம் நாள் காலையிலிருந்து ஆறு வீடு ஏறி இறங்கி, மத்தியானம் கடலோரத் தெங்கேராவில், வெயிலில், என் கால் வீங்கிச் செருப்புக்குள் நுழையவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடுரோட்டில் நின்றுவிட்டேன்.

“அவங்களுக்காகப் பன்னெண்டு கதவு தட்டுனீங்கல்ல? எனக்காக ஒரு கதவு தட்ட முடியாதா? நான் கறுப்பா, குட்டையா? இல்ல ஒல்லாந்து போகாதவளா?”

அவர் சாலையோரத்து மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். பிறகு சொன்னார்.

“நான் தட்டல, தனம்.”

“என்னத்த?”

“கதவ. ரெண்டாவது கதவ மூஞ்சியில சாத்துனாங்க. அதோட நான் பாலத்துக்குப் போயிட்டேன். குளிரு, அவமானம். அழுதேன். ஸ்டேஷன்ல போய்ப் படுத்துக்கலாம்னேன். அவதான் தட்டுனா. எனக்குச் சாத்துன ரெண்டையும் சேத்து, எல்லாக் கதவையும்.”

உங்களுக்கு அந்த ஊர்ப் பேச்சு ஒரு சொல்லும் தெரியாதாம். இரண்டு கையையும் கூப்பிக் கன்னத்துக்கு அடியில் வைத்துத் தூக்கம் என்று காட்டினீர்களாம். உங்களைத் தொட்டு ஒன்று, பாலத்தில் நிற்பவரைக் காட்டி இரண்டு என்று விரலை நீட்டினீர்களாம். பன்னிரண்டாவது வீட்டில் கிழவி கதவைத் திறந்ததும் உள்ளேயிருந்து தீய்கிற வாசனை. நீங்கள் அவளைத் தள்ளிக்கொண்டு அடுப்படிக்கு ஓடி, சேலைத் தலைப்பால் சட்டியைப் பிடித்து இறக்கிவைத்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போல மறுபடியும் கன்னத்துக்கு அடியில் கையை வைத்தீர்களாம். கிழவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாளாம்.

“அப்ப ஜன்னல்ல இருந்து கை ஆட்டுனது?”

“என்னையக் கூப்பிட்டா. ‘மேல வாங்க, கெடச்சிருச்சு’ன்னு.”

அக்கா, அவர் உங்கள்மேல் வைத்த ஆசையைப் பார்த்து அதுவரை பொறாமைப்பட்டேன். அது ஒன்றுமேயில்லை. அந்த மரத்தடியில் வந்தது வேறு. யாரும் துணைக்கு வராமல், மொழி தெரியாத ஊரில், பனியில், சேலை கட்டிக்கொண்டு கதவு கதவாகத் தட்டியவள் நீங்கள் என்று கேட்டபோது எனக்கு உச்சந்தலை முதல் எரிந்தது. ஆளுக்காகப் பட்ட பொறாமை போய், தைரியத்துக்காகப் பட ஆரம்பித்தேன். உங்களுடைய தைரியத்தைத் தன்னுடையது என்று சொல்லித் திரிந்த மனுஷன்மேல் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது, ஆனால் இரண்டாவதாகத்தான் வந்தது.

“இங்கேயே உக்காருங்க,” என்று சொல்லிவிட்டு எதிர்வீட்டுக்குப் போனேன்.

கதீஜா பீவி என்ற தமிழ் முஸ்லிம் அம்மாள் வீடு. கருவாட்டு வியாபாரம் செய்த புருஷன் இறந்துபோய்த் தனியாக இருந்தார். உங்களைப் போலச் செய்துகாட்ட எனக்கு மனமில்லை. வேறு மாதிரிதான் செய்ய வேண்டும் என்று ஒரு வீம்பு. சேலைத் தலைப்பை வயிற்றிலிருந்து எடுத்துத் தோளில் போட்டேன்.

“அம்மா, எனக்கு ஏழு மாசம். பிரசவம் இங்கதான் நடக்கும். கூச்சல் போடுவேன். மரத்தடியில உக்காந்திருக்காரே, அவருதான் என் வீட்டுக்காரர். நல்லா சமைப்பார், வேற ஒண்ணுக்கும் தைரியம் கிடையாது. இதெல்லாம் சம்மதம்னா அறை கேக்குறேன். இல்லேன்னா இப்பவே சொல்லிடுங்க, கால் வலிக்குது.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“காலைலேருந்து எத்தனை வீட்டுல கேட்ட?”

“ஆறு.”

“எல்லாருகிட்டயும் இப்படித்தான் கேட்டியா?”

“இல்லம்மா. மறைச்சு மறைச்சுக் கேட்டேன்.”

“அதான் குடுக்கல. கருவாட்டுக் கிடங்கு ஒண்ணு சும்மா கெடக்கு. நாத்தம் போகாது புள்ள. இருப்பியா?”

இருந்தேன். ஜன்னலைத் திறந்தால் கடற்கரைச் சேறு. கூரையில் எந்த வெளிச்சமும் அலையவில்லை. பல்லிகள் ஓடின. ஆனால் அது நான் பிடித்த அறை. வந்து மூன்று நாள் அவர் என்னிடம் பேசவில்லை, நானும் பேசவில்லை. நாலாம் நாள் அவர் கிடங்குத் தரையைச் சாம்பல் போட்டுத் தானே தேய்த்துக் கழுவினார்.

பிரசவம் ஒரு காலைநேரம். வெயில் நன்றாக ஏறிவிட்டது, பிள்ளை வரவில்லை. கதீஜா பீவி என் தோளைப் பிடித்திருக்க, மருத்துவச்சி என்னென்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். அப்போது கதவுக்கு வெளியே அவர் குரல். சாமியைக் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். காது கொடுத்தால், உங்களை!

“மரகதம், இவளையாவது விட்டுக்குடு. மரகதம், மரகதம்...”

உயிர் போகிற வலியிலும் எனக்கு வந்த ஆத்திரம் இருக்கிறதே! என் பிரசவத்திலுமா நீங்கள்? “யோவ், உள்ள கெடக்குறது நான்! என் பேரச் சொல்லிக் கூப்பிடுய்யா!” என்று கத்தினேன். கல்யாணமாகி அன்றுதான் அவரை ‘யோவ்’ என்றேன். கதீஜா பீவி சிரித்துவிட்டார். வெளியே அவர் கதவை ஒட்டி வந்து நின்றார். பிறகு, “தனம்! தனலெட்சுமி!” என்று தெங்கேரா முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டார். அவர் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும்போது பெண் பிறந்தாள்.

நீங்கள் விட்டுக்கொடுத்தீர்களா, இல்லை நான்தான் கத்திப் பிடுங்கிக்கொண்டேனா? தெரியவில்லை. கேட்டால் சொல்ல மாட்டீர்கள்.

பிள்ளைக்கு உங்கள் பெயரை வைக்கலாமா என்று கேட்டார். முடியாது என்றுவிட்டேன். கோமதி என்று வைத்தோம். வருத்தப்படாதீர்கள். வருத்தப்பட்டாலும் பரவாயில்லை.

இப்போது காஜா பெராங்குக்கே திரும்பி வந்துவிட்டோம். போன வாரம் துரையின் மனைவியிடமிருந்து கடிதம் வந்தது. இங்கிலீஷில் இருந்ததைத் தோட்ட ஆபீஸ் குமாஸ்தா, கிராணி, படித்துச் சொன்னார். ஆம்ஸ்டர்டாமிலும் பஞ்சமாம். போன குளிர்காலத்தில் பூச்செடியின் கிழங்கை அவித்துத் தின்றார்களாம். நாங்கள் மரவள்ளியோடு இருந்தபோது அங்கே அப்படி. உங்கள் கிழவி இருக்கிறாளா, இல்லையா? அவளைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை.

துரை திரும்பி வருகிறாராம். வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த லீவில் ஆம்ஸ்டர்டாம் போகும்போது சமையல்காரனும் அவன் பெண்டாட்டியும் கூட வர வேண்டும் என்று கடைசியில் எழுதியிருந்தது. கிராணியை அந்த வரியை மூன்று தடவை படிக்கச் சொன்னேன்.

இந்தக் கடிதத்தை அனுப்பட்டுமா என்று அவரிடம் கேட்டேன். கதை சொன்ன வாயாயிற்றே, ஊர் சிரிக்குமே. “அனுப்பு. அவ பேரு சரியா இருக்கான்னு மட்டும் பாத்துக்க,” என்றார்.

ஆகையால் ஊராரே, பன்னிரண்டு கதவையும் தட்டியது மரகதம் அக்காதான்.

அக்கா, ஒரு வாக்குக் கொடுக்கிறேன். எப்போதாவது அந்த ஊருக்குப் போனால் உங்கள் கிழவி வீட்டு வாசலுக்குப் போவேன். அவள் இருந்தால் உங்கள் பெயரைச் சொல்லிக் கும்பிடுவேன். ஆனால் அவளே கூப்பிட்டாலும் உங்கள் அறையில் தங்க மாட்டேன். கோமதியை இடுப்பில் தூக்கிக்கொண்டு, அடுத்த வாய்க்காலில் எனக்கென்று ஒரு கதவைத் தட்டுவேன். எத்தனை கதவு ஆனாலும் சரி.

பொறாமை இன்னும் தீராத,
உங்கள் தங்கை
தனலெட்சுமி
காஜா பெராங், மலாக்கா