வானத்துக்கு அடித்த தண்ணீர்

தம்பி,

கேமரா வாரை மூன்றாம் முறையாகச் சோப்புப் போட்டு அலசினேன். புகை வாசம் போவேனா என்கிறது. பிரிக்பீல்ட்ஸில் நாளை என் படக் கண்காட்சி. கொஞ்சம் நாகரிகமாகப் போய் நிற்கலாம் என்று பார்த்தால், முகர்ந்த மாத்திரத்தில் நீ வந்து எதிரில் உட்கார்ந்துவிட்டாய்.

எத்தனை தீக்குள் போய் வந்தவன் நீ! கடைசியில் பண்டமாரானில், உன் வீட்டு வாசலில் கார் கழுவிக்கொண்டிருந்தபோது மாரடைப்பில் போய்விட்டாய். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

கிள்ளானுக்கு வெளியே சதுப்புக்காடு எரிந்தபோதுதான் உன்னை முதலில் பார்த்தேன். நான் பத்திரிகைப் படக்காரி. நீ தீயணைக்க வந்த பொம்பா குழுவின் தலைவன், என்னைவிட மூன்று வயது சின்னவன். ஊரெல்லாம் புகை, ஆனால் சுவாலை ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. மட்கிய வேருக்குள்ளேயே தீ கனன்று நகரும் நிலம் அது. உன் ஆட்கள் முட்டிபோட்டு, குழாய் முனையை மண்ணுக்குள் செருகிக்கொண்டிருந்தார்கள்.

"மண்ணு கஞ்சி மாதிரி ஆகணும்க்கா. இல்லன்னா நாளைக்கு மறுபடி புகையும்," என்றாய்.

குனிந்த முதுகுகளை எந்த ஆசிரியர் முதல் பக்கத்தில் போடுவார்? "ஒரே ஒரு தடவை மேல அடிக்கச் சொல்லுங்க தம்பி," என்று கெஞ்சினேன். கேட்டவளை வெறுங்கையோடு அனுப்ப உனக்கு மனசு வரவில்லை. "சரிலா, சீக்கிரம் எடுங்க," என்றாய். மூன்று குழாய்களும் நிமிர்ந்தன. மங்கிய செம்மஞ்சள் வானத்தில் தண்ணீர் வளைந்து விழுந்தது. நான் "இன்னொன்னு, இன்னொன்னு" என்றே பத்து நிமிடம் ஓட்டிவிட்டேன்.

அதற்குள் உங்களுக்குப் பின்னால், வறண்ட வாய்க்காலின் அக்கரையில் புகை கிளம்பியது. தீ மண்ணுக்கடியிலேயே தாண்டியிருந்தது. அங்கிருந்த சீனப் பெரியவரின் மரவள்ளிக் கொல்லை சாயங்காலத்துக்குள் கருகிப்போயிற்று.

படம் முதல் பக்கத்தில் வந்தது. பரிசும் கிடைத்தது. மாமாக் டீக்கடையில் உன் எதிரில் அழாத குறையாக உட்கார்ந்திருந்தேன். "அது எப்படியும் தாண்டியிருக்கும்க்கா. தே தாரிக்க குடிங்க, ஆறுது," என்றாய். நிஜமாகச் சொன்னாயா, என்னைத் தேற்றச் சொன்னாயா, இன்றுவரை தெரியாது. மேலிடத்தில் விசாரித்தபோது என் பேச்சையே எடுக்காமல் "என் தப்பு" என்று மட்டும் சொன்னாயாம். அந்த வருடம் குழுத் தலைமை உன் கையைவிட்டுப் போனது. உன் கூட்டாளி ரவி இதையெல்லாம் என்னிடம் சொன்னது நீ போன பிறகுதான்.

சண்டை போடக்கூட நீ இல்லை. என்ன செய்ய?

கண்காட்சிக்காரர்கள் அந்தப் படத்தைத்தான் வாசலில் பெரிதாக வைக்க வேண்டும் என்றார்கள். எடுத்துவிடுங்கள் என்று சொல்ல வாய் வரை வந்தது. எடுத்துவிட்டால் நான் தப்பித்துக்கொள்வேன், உன் பெயர் கெட்டது கெட்டபடியே கிடக்கும். அதனால் படத்துக்குக் கீழே இப்படி எழுதி ஒட்டினேன்:

'இந்தத் தண்ணீர் தீயை அணைக்க அடித்தது அல்ல. படமெடுத்தவள் கேட்டதால் வானத்துக்கு அடித்தது. தவறு அவளுடையது, குழுத் தலைவருடையது அல்ல.'

இன்று மத்தியானம் உன் மனைவியை முன்னதாகவே வரச் சொல்லியிருந்தேன். படத்துக்கு முன்னால் கூட்டிப்போய் விட்டுவிட்டு ஓரமாக நின்றேன். அவள் ஒருமுறை படித்தாள், மறுபடி படித்தாள்.

"வீட்டுலகூட சொல்லலையேக்கா இந்த மனுஷன்," என்றாள். திட்டப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். பெரிய படத்தை விட்டுவிட்டு, அந்தச் சின்ன அட்டைக்கு நேராகக் குனிந்து அதை மட்டும் படமெடுத்தாள்.

"பொம்பா ஸ்டேஷன் குரூப்புல போடறேன். எல்லாரும் படிக்கட்டும்."

கிள்ளானுக்குப் பக்கத்து மேருவில் மறுபடி புகைகிறது என்று ரவி சொல்கிறான். கண்காட்சி முடிந்த மறுநாளே போகிறேன். நான் அங்கே யாரையும் நிமிரச் சொல்லப்போவதில்லை, தம்பி. நானும் அவர்களோடு முட்டிபோட்டுக்கொள்வேன்.