ஜீப்பில் உட்கார்ந்தவர்களுக்கும் பங்கு

6 ஜனவரி 2025, திங்கள்

முதுகு: முணுமுணுக்கிறது.

இப்படித் தினமும் ஒரு வரி எழுதச் சொன்னது பிசியோதெரபி சௌமியா. "எப்ப வலிக்குது, எதனால வலிக்குதுன்னு எழுதுங்க அங்கிள்." எழுத உட்கார்ந்தால் முதுகைத் தவிர மற்றதெல்லாம் வருகிறது.

இன்று ராயபுரத்தில் ஃப்ரெடியின் பட்டறையில் என் ஜீப்புக்கு வின்ச் மாட்டிவிட்டேன். பழையதுதான். மலையேறுகிற ஜீப்காரர் ஒருவர் கழற்றிப் போட்டதாம். முன் பம்பரில் ஒரு உருளை, அதில் சுற்றிய கம்பிக்கயிறு, நுனியில் கொக்கி, கையில் பிடித்து அமுக்க ஒரு சுவிட்ச். ஃப்ரெடி பாடம் எடுத்தான். இன்ஜினை ஓடவிட்டுத்தான் இழுக்க வேண்டும், இல்லாவிட்டால் பேட்டரி படுத்துவிடும். கையுறை போட வேண்டும். கம்பி அறுந்தால் ஆளை அடிக்கும், அதனால் மேலே ஈரச் சாக்கு போட வேண்டும். "முக்கியமா, இழுக்கறதுக்கு முந்தி ஒன் வண்டிய எதுலயாவது கட்டுண்ணே." ஜீப்பை எதற்குக் கட்ட வேண்டும், அது என்ன ஆடா?

நர்மதா வண்டியைச் சுற்றி வந்து பார்த்தாள். "மூக்குத்தி போட்டுகினு கீது," என்றாள். மனைவி சொன்னது அவ்வளவுதான்.

7 ஜனவரி

முதுகு: அதேதான்.

வாங்கிய காரணத்தை எழுதி வைக்கிறேன். பின்னால் எனக்கே சந்தேகம் வரும்.

திருவொற்றியூரில் எங்கள் குப்பத்துக்கு முன்னால், கடலரிப்புக்குக் கருங்கல் கொட்டாமல் மிச்சம் இருக்கிற மணலில்தான் ஃபைபர் போட்டுகள் கரையேறும். போட் வந்ததும் கயிற்றைப் போடுவார்கள். அதில் கை வைத்து இழுத்தவர் யாராக இருந்தாலும் ஆளுக்கு ஒரு கை மீன். நானும் மீசை முளைத்த நாளிலிருந்து அந்தக் கயிற்றில் நின்றவன். போன ஆடியில் முதுகில் டிஸ்க் நழுவியது. கயிற்றைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்று முதல் மச்சான் தண்டபாணி ஒரு மஞ்சள் பையில் மீன் போட்டு என் கையில் கொடுக்கிறார். நர்மதாவின் அண்ணன், போட் அவருடையது. கொடுக்கும்போது, "தங்கச்சி வூட்டுக்கு," என்பார்.

நல்ல மீன்தான். வஞ்சிரம்கூடப் போட்டிருக்கிறார். ஆனால் எனக்குத் தொண்டையில் இறங்க மாட்டேன் என்கிறது. எனக்கு இழுத்ததற்குக் கிடைக்கிற அந்த ஒரு கை மீன் வேண்டும். மத்தியாக இருந்தாலும் பரவாயில்லை.

9 ஜனவரி

முதுகு: தூங்குகிறது.

கடற்கரைக்குப் போகும் முன் வெளியில் பழகிக்கொள்ளலாம் என்று பார்த்தால், யாரும் எங்கேயும் மாட்டிக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள். எண்ணூர் ரோட்டில் இத்தனை பள்ளம், இத்தனை கன்டெய்னர் லாரி, ஒன்றாவது இறங்கியிருக்கக் கூடாதா? இன்று மாதவரத்தில் ஒரு பால் வண்டி சகதியில் சக்கரம் இறங்கி நின்றது. சந்தோஷமாக இறங்கி ஓடினேன். கையுறை போட்டு, சாக்கை நனைக்கத் தண்ணீர் தேடி வருவதற்குள் டிரைவர் ரிவர்ஸ் எடுத்துப் போய்விட்டான். போகும்போது டாட்டா வேறு காட்டினான்.

10 ஜனவரி

வாசலில் கிடந்த அம்மிக்கல்லை இழுத்துப் பார்த்தேன். வந்துவிட்டது. "இருந்த எடத்துல வையி," என்றாள் நர்மதா. வின்ச்சுக்குத் தள்ளத் தெரியாது. தெருவைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய் மறுபடி இழுத்தேன்.

12 ஜனவரி, ஞாயிறு

முதுகு: கூச்சல். ஜீப்பிலிருந்து குதித்ததில்.

ஏன் குதித்தேன் என்றால் —

காலையில் மச்சான் போட் கரை தட்டியதும் ஜீப்பை மணலில் இறக்கினேன். கயிறு இழுக்க வந்த கூட்டம் வேடிக்கை பார்த்தது. மீன் விற்கிற குப்பம்மா, எழுபதைத் தாண்டியும் கயிற்றில் முதல் ஆள், இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "லாஞ்சுல வலை இழுக்கறதுக்குக் கீறத ஜீப்புல மாட்டிகினு வந்துகிறான். இதுவே இழுத்துட்டா எங்களுக்கு இன்னாடா மீனு கெடைக்கும்?"

அதை நான் யோசிக்கவில்லை. நிஜமாகவே இல்லை. என் ஒரு கை மீனைப் பற்றி மட்டும்தான் யோசித்திருக்கிறேன். "இன்னிக்கு ஒரு நாள் பாரு," என்று சமாளித்தேன்.

கொக்கி மாட்டி, சாக்கு போட்டு, ஹேண்ட் பிரேக் போட்டு, சீட்டில் உட்கார்ந்து சுவிட்சை அமுக்கினேன். கம்பி இறுகியது. நகர்ந்தது. எல்லாரும் ஓ என்று கத்தினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்புறம்தான் பார்த்தேன், போட் இருந்த இடத்திலேயே இருக்கிறது. நகர்வது ஜீப். மணலை உழுதுகொண்டு கடலுக்குப் போகிறது. பதற்றத்தில் சுவிட்சை விடத் தோன்றவில்லை. மச்சான் போட்டில் நின்றபடி, "மாப்ளே, நீயும் மீனு புடிக்க வரியா?" என்று கேட்டார். முன் சக்கரத்தில் அலை அடித்தபோது குதித்தேன்.

போட்டுக்கு வைத்திருந்த கயிற்றை ஜீப்புக்குக் கட்டி ஊரே இழுத்தது. நானும் கை வைக்கப் போனேன், நர்மதா சட்டையைப் பிடித்து நிறுத்திவிட்டாள். ஜீப் மேலே வந்த பிறகும் யாரும் கலையவில்லை. கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

"கயித்துல கை வெச்சா மீனு," என்றாள் குப்பம்மா. "போட்டா இருந்தா இன்னா, ஜீப்பா இருந்தா இன்னா?"

காசிமேடு போய்க் கானாங்கெளுத்தி வாங்கி வந்து ஆளுக்கு ஒரு கை போட்டேன். பங்கு வாங்கக் கிளம்பியவன் பங்கு கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

13 ஜனவரி

ஃப்ரெடிக்குப் போன் செய்தேன். "வண்டிய கட்னியாண்ணே?" என்றான். நெட்வொர்க் இல்லாத மாதிரி வைத்துவிட்டேன். மணலில் எதில் கட்டுவது? கருங்கல் அந்தக் கோடியில் கிடக்கிறது.

16 ஜனவரி

முதுகு: முணுமுணுப்பு.

குப்பம்மா வீட்டுக்கே வந்துவிட்டாள். "ஒன் வண்டிக்குக் கனம் பத்தல லோகு. எங்கள ஏத்திக்கோ. ஒக்காந்தவங்களுக்குப் பங்கு போடச் சொல்லு." போகிறபோது முழங்காலைத் தடவிக்கொண்டே, "எனக்குந்தான் முட்டி போச்சி. ஒன்ன மாதிரி டாக்டர்கிட்ட காட்டல, அவ்ளோதான்," என்றாள். இத்தனை நாள் அவள் பக்கத்தில் நின்று இழுத்தவன், எனக்குத் தெரியாது.

17 ஜனவரி, வெள்ளி

இழுத்துவிட்டேன்.

ஜீப்பில் இடம் இருந்த அளவுக்கு ஆள், இடம் இல்லாத அளவுக்கும் ஆள். குப்பம்மா முன் சீட்டில். ஜீப் மணலில் புதைந்து அசையாமல் நின்றது. போட் பாதி ஏறி வரும்போது மச்சான், "ஒக்காந்துகினு இருந்ததுக்கெல்லாம் மீனா?" என்றார். "எறங்குங்கடி," என்றாள் குப்பம்மா. எல்லாரும் இறங்கினார்கள். ஜீப் கடலைப் பார்த்து நகர ஆரம்பித்தது. "ஏறுங்க, ஏறுங்க, தரேன்," என்று மச்சானே கையெடுத்துக் கும்பிட்டார்.

ஆளுக்கு ஒரு கை போட்டார். என் முறை வந்தது. மஞ்சள் பை. "தங்கச்சி வூட்டுக்கு."

வாங்கிக்கொண்டேன். இன்னா மச்சான், நான் இழுக்கலியா? நான் யாரு அப்போ? — கேட்டிருக்கணும். கேக்கல.

20 ஜனவரி

இன்று பையை வாங்கவில்லை. அவர் முகம் சுருங்கிவிட்டது. "மீனு நல்லா இல்லியா?" நான் கொக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். "ஒன் மெசினும் வாணாம், ஒண்ணும் வாணாம். நாளைலருந்து கயிறுதான்," என்று போய்விட்டார்.

இதற்குத்தான் வின்ச் வாங்கினேனா?

21 ஜனவரி, செவ்வாய்

மச்சான் கயிற்றைப் போட்டார். யாரும் வரவில்லை. மேலே நிறுத்தியிருந்த என் ஜீப்பில் எல்லாரும் ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள். "நாங்க வண்டி ஆளு," என்றாள் குப்பம்மா, வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு. மச்சான் கயிற்றின் நுனியைப் பிடித்துக்கொண்டு ஒற்றையாக நிற்கிறார். பின்னால் அலை போட்டைப் புரட்டுகிறது.

பின் சீட்டிலிருந்து நர்மதாவின் குரல். அவள் ஏறியதை நான் பார்க்கவே இல்லை. "அண்ணா, பை வாணாம். எல்லாருக்கும் போடற மாதிரி அவரு கையில போடு."

மச்சான் என்னையே பார்த்தார். "இத்த சொல்றதுக்கா மாப்ளே இவ்ளோ பேஜாரு?"

ஜீப்பைக் கீழே இறக்கிச் சுவிட்சை அமுக்கினேன். போட் ஏறிவிட்டது.

வரிசையாகப் பங்கு போட்டுக்கொண்டு வந்தார். என்னிடம் வந்ததும், "கைய நீட்டு," என்றார். மத்தி. பையில் வருவதில் பாதிகூட இல்லை, எல்லாம் பொடி. ஒன்று விரலிடுக்கில் நழுவி மணலில் விழுந்தது. குனிந்து எடுத்துக்கொண்டேன்.

நர்மதாவுக்கும் பங்கு உண்டு, உட்கார்ந்திருந்தாளே. இரண்டையும் ஒரே சட்டியில் போடப் போனாள். என்னுடையதைத் தனியாக வை என்றேன். சிரித்துக்கொண்டே வேறு சட்டி எடுத்தாள்.

கையை இன்னும் கழுவவில்லை. தாளெல்லாம் வாடை அடிக்கும், சௌமியா மன்னிக்க வேண்டும். முதுகைப் பற்றி இன்று எழுத ஒன்றும் இல்லை. குனிந்தது இப்போதுதான் ஞாபகம் வருகிறது.