முதலில் இறக்கிய இடம்

ஃப்ரூட்லண்ட், ஐடஹோ
ஆகஸ்ட் 2

அன்பு மகன் எவாரிஸ்தோவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் உன் அக்கா ரொசேந்தாவும் மாப்பிள்ளையும் சுகம், இந்த வெயிலில் தக்காளிச் செடிகூட ஒருவழியாகப் பிழைத்துக்கொண்டது. உன் சுகத்தை குவாதலூப்பே மாதாவிடம் தினமும் இரண்டு வேளை விசாரிக்கிறேன், அவள் எல்லாம் தெரிந்தும் வாய் திறப்பதில்லை, நீயாவது எழுது. அலாஸ்காவில் மீனுக்கு இருக்கிற மரியாதை போனுக்கு இல்லை போலிருக்கிறது, நான் பேசப் பேச மூன்று தடவை அறுந்துபோய், கடைசியில் "எந்தப் பக்கம் பொறந்துச்சும்மா, எந்தப் பக்கம்" என்று நீ கத்தியது மட்டும்தான் காதில் விழுந்தது. அதற்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியாது, அதனால்தான் பேனாவை எடுத்தேன். நீ மாமா ஆகிவிட்டாய், பெண் குழந்தை, பெயர் அம்பாரோ, அடைக்கல மாதாவின் பெயர். மூக்கு நம் வீட்டு மூக்கு, பாவம், காது மாப்பிள்ளை எலிசேயோவுடையது. அழுகை யாருடையது என்று தனக்குத் தெரியும் என்று உன் அப்பா என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார், நான் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.

நீ ஜூனில் கிளம்பியபோது விஷயம் பாதிதான் தெரியும். தங்குவதற்குக் காகிதம் இல்லாத தாய் தகப்பனுக்கு இங்கே பிறக்கிற குழந்தைக்கு இனிமேல் குடியுரிமை கிடையாது என்ற உத்தரவைக் கோர்ட்டில் நிறுத்தி வைத்திருந்தார்கள் அல்லவா, நீ போன பிறகு பெரிய கோர்ட்டு ஏதோ சொல்ல, வழக்குப் போட்ட மாநிலத்தில் மட்டும்தான் தடை நிற்கும், போடாத மாநிலத்தில் உத்தரவு நடைமுறைக்கு வந்துவிடும் என்று ரேடியோவில் பேச ஆரம்பித்தார்கள். ஆற்றுக்கு அக்கரையில் ஒரேகான் வழக்குப் போட்டிருந்தது, இக்கரையில் நம்முடைய ஐடஹோ போடவில்லை. எந்தத் தேதியிலிருந்து, யார் யாருக்கு என்று ஒருவருக்கும் தெளிவில்லை. வெங்காய வயலில் களை கொத்துகிற வரிசை முழுக்க இதே பேச்சுதான். மேஸ்திரி கென்ட் வண்டியில் சாய்ந்துகொண்டு, இங்கே வந்து பெற்றுக்கொள்வதற்கென்றே வருகிறார்கள், அதுதான் பிரச்சினை என்றான், கேட்டால் என்னைச் சொல்லவில்லையாம், பொதுவாகச் சொன்னானாம். "நான் வந்தது உங்க வெங்காயத்தப் பொறுக்க, கென்ட். புள்ள அதுவா வந்துச்சு, அதுவும் உங்க வேலை கெடாம ஞாயித்துக்கிழமை பாத்து வந்துச்சு" என்று நீ பிறந்த கதையைச் சொல்லி ஒரு போடு போட்டேன். அவன் முகம் சிவந்து போய்விட்டது, ஆனால் மறுநாள் அவன் மனைவி ஒரு பை நிறையக் குழந்தைத் துணி கொடுத்தனுப்பினாள், இவர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று இருபத்தாறு வருஷமாக எனக்குப் புரியவில்லை. வரிசையில் எல்லோரும் சிரித்தார்கள், உன் அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "எனக்கு ஒரு காகிதம் இல்லாம போனது போதும்மா. என் புள்ளைக்கும் அப்படி ஆனா நான் தாங்க மாட்டேன்" என்றாள். நர்ஸ் படிப்பு அவளுக்குக் கைக்கு வந்து நழுவிப்போனது உனக்குத் தெரியும். நீ ஐந்து வயதில் சண்டை வந்தால் போதும், நான் இங்க பொறந்தவன், நீ இல்ல என்று பாட்டாகவே பாடுவாய், அவள் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். உன்னைக் குறை சொல்லவில்லை, உனக்கு அப்போது மூக்கு துடைக்கவே தெரியாது. ஆனாலும் சொல்லி வைக்கிறேன், காரணம் கடைசியில் வரும்.

ஆக, பிள்ளையை அக்கரையில் பெற்றுக்கொள்வது என்று முடிவாயிற்று. உன் ஞானத்தாய் ஓஃபெலியா ஒன்டாரியோவில் தன் டிரெய்லர் வீட்டில் ஒரு அறையை ஒழித்துக் கொடுத்தாள், ஆஸ்பத்திரி அங்கிருந்து நாலு தெருதான். நான் சட்டி, பானை, மெழுகுவத்தி, கட்டில் விரிப்பு, சோளமாவில் அவித்த நாற்பது டமாலே என்று வீட்டையே பெயர்த்து அனுப்பினேன். அனுப்பாமல் விட்டது ஒன்றே ஒன்று, அவளுடைய பச்சைக் கோப்பு. கிளினிக் சீட்டு, நம் நாட்டுக் கான்சலேட் கொடுத்த பாஸ்போர்ட், கல்யாணப் பத்திரம் எல்லாம் அதற்குள்தான். ஏன் மறந்தேன் என்று கேட்காதே, அது பத்திரமாக இருக்கட்டும் என்று மாவு டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தது நான்தான். ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல் அவளுக்கு அது ஞாபகம் வந்துவிட்டது. எலிசேயோ எடுத்து வருகிறேன் என்றான், நான் கொண்டு வருகிறேன் என்று போனில் சொன்னேன், அவள் கேட்டால்தானே. "நீ தேடுனா கிடைக்காது, அவரு தேடுனா வேற எதையாவது எடுத்துட்டு வருவாரு" என்று தள்ளிய வயிற்றோடு, எலிசேயோவை ஓட்டச் சொல்லித் தானே வண்டி ஏறி இக்கரைக்கு வந்து, டப்பாவை நகர்த்திக் கோப்பை எடுத்து, என்னையும் ஏற்றிக்கொண்டு திரும்பினாள். பாலத்தில் வேலை நடந்துகொண்டிருந்தது, ஒரு பக்கத்தை அடைத்து ஒற்றைப் பாதைதான், முன்னால் பத்து வண்டி நிற்கிறது. அங்கேதான் அவள் என் தோளைப் பிடித்தாள். பிடித்த பிடி இன்னும் நீலமாக இருக்கிறது. "அம்மா, ஆஸ்பத்திரி வரைக்கும் தாங்காது" என்றாள், அதற்குப் பிறகு அவள் சொன்னதையெல்லாம் எழுத முடியாது, ஞானஸ்நானம் பெற்ற பெண் வாயில் அப்படிப்பட்ட வார்த்தைகள் இருக்கும் என்று எனக்கே அன்றுதான் தெரியும்.

பின் இருக்கையில், என் பூப்போட்ட ஏப்ரனில், இந்தக் கைகளில்தான் அம்பாரோ வந்து விழுந்தாள். முதலில் சத்தமில்லை, முதுகைத் தேய்த்துவிட்டேன், பிறகு ஒரு கத்துக் கத்தினாள் பார், பாலத்து வேலைக்காரன் கொடியைக் கீழே போட்டுவிட்டான். அந்த நேரம் பார்த்துப் பின்னால் நீல விளக்கு சுழல்கிறது, ஷெரிஃப் வண்டி. எலிசேயோ ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்துச் சிலையாகிவிட்டான், கழுத்தில் வியர்வை ஓடுவது எனக்குத் தெரிகிறது. லைசென்ஸ் கேட்டால் என்ன செய்வது, பெயரை எங்காவது தட்டிப் பார்த்தால் என்ன ஆவது என்று நினைத்தபடி குழந்தையை ஏப்ரனோடு இறுக்கிக்கொண்டேன். சின்ன வயது போலீஸ்காரன், கண்ணாடி வழியாக உள்ளே எட்டிப் பார்த்தான், என் ஏப்ரனைப் பார்த்தான், அவன் முகம் எலிசேயோவைவிட வெளுத்துவிட்டது. "யாரும் எறங்காதீங்க. அப்படியே இருங்க. நான் முன்னாடி போறேன், என் பின்னாலயே வாங்க" என்றான். வேறு ஒன்றும் கேட்கவில்லை. வண்டிகளை ஒதுக்கிவிட்டுச் சங்கு ஊதிக்கொண்டு அவன் முன்னால் போக, நாங்கள் பின்னால் போனோம். போலீஸ் சத்தம் எங்களுக்கு முன்னால் கேட்டது அன்றுதான் முதல் தடவை, எப்போதும் பின்னால் கேட்டுத்தான் பழக்கம். ஆஸ்பத்திரி வாசலில் ஒரு நர்ஸ் கதவைத் திறந்து, குழந்தையை என் ஏப்ரனோடு சேர்த்து வாங்கிக் கீழே இறக்கினாள். ஏப்ரன் திரும்பி வரவில்லை, போகட்டும்.

இனிமேல்தான் கூத்து. மறுநாள் அறைக்குள் நுழைந்த உன் அப்பா குழந்தையைப் பார்ப்பதற்கு முன்னால் சட்டைப்பையிலிருந்து பாத்தி அளக்கிற கயிற்றை எடுத்துக் காட்டினார். விடிந்ததும் மனிதர் பாலத்துக்கு நடந்தே போயிருக்கிறார். நம் வண்டி எண்ணெய் ஒழுகும் அல்லவா, நின்ற இடத்தில் சொட்டிய கறையைக் கண்டுபிடித்து, அங்கிருந்து இரண்டு முனைக்கும் கயிறு போட்டு அளந்து, "பாலத்துக்கு நடுவுலேருந்து, கைய விரிச்சு அளந்தா மூணு பாகம் நம்ம வீட்டுப் பக்கம். ஐடஹோதான்" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். ஓஃபெலியாவுக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "பாலத்து நடுவுல எவன் கோடு போட்டான்? எல்லை தண்ணிக்கு நடுவுல. கோடையில ஆறு உங்க பக்கமா ஒதுங்கியிருக்கு, ஒழுங்காப் போயி தண்ணிய அளங்க" என்றாள். நீந்திப் போய் அளக்கச் சொல்கிறாயா என்று அவர் கேட்க, போனால்தான் என்ன என்று இவள் கேட்க, எலிசேயோ மெதுவாக, கறை நேற்றையதா முந்தின வாரத்ததா என்று யாருக்குத் தெரியும், நம் வண்டி எங்கே நின்றாலும் ஒழுகுகிறதே என்றான். அவன் பேசுவதே அபூர்வம், பேசினால் இப்படித்தான். உன் அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது, அந்த டப்பாவின் மேல், என் மேல்.

அப்போதுதான் பிறப்பைப் பதிகிற அம்மாள் உள்ளே வந்தாள், வயதானவள், மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்தாள், நம் பாஷையைத் தட்டுத்தடுமாறிப் பேசினாள். உன் அப்பா பொய் சொல்லத் தெரியாத மனிதர், கயிறு, கறை, மூன்று பாகம், எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டார். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் எனக்கு வேண்டாம் சார். வண்டியில பொறந்த குழந்தைக்கு, எங்க பொறந்துச்சுன்னு நாங்க பாக்கறதில்ல. முதல்ல எங்க எறக்குனீங்க, அதுதான் பொறந்த எடம்" என்றாள். ஆஸ்பத்திரி வாசல்ல என்று நான் சொன்னேன். "அப்போ ஒன்டாரியோ, ஒரேகான்" என்று எழுதிவிட்டு, எடை எவ்வளவு என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். ஓஃபெலியா உன் அப்பாவின் கையிலிருந்து கயிற்றைப் பிடுங்கிக் குப்பைத் தொட்டியில் போட்டாள், அவர் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டார், நல்ல கயிறாம்.

அடுத்த சில நாளில் வேறொரு நீதிபதி, எந்த மாநிலமானாலும் சரி, எல்லாக் குழந்தைகளுக்கும் சேர்த்துத் தடை போட்டுவிட்டார் என்று ரேடியோ சொன்னது. இக்கரையில் பெற்றிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது போலிருக்கிறது, நாற்பது டமாலேயும் வீண். பெரிய இடத்தில் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்களாம், நாளை என்ன சொல்வார்களோ, அந்தப் பயம் எனக்குப் போகவில்லை. ஆனால் நேற்று அம்பாரோவின் பிறப்புச் சான்றிதழ் தபாலில் வந்தது. உன் அக்கா கைகழுவித் துடைத்துவிட்டு உறையைப் பிரித்தாள், மூன்று முறை படித்தாள், பிறகு அழுதுகொண்டே சிரித்தாள், நானும் அப்படித்தான், ஒளிப்பானேன். அப்புறம் என்னிடம் கேட்டாள். "அம்மா, என்ன முதல்ல எங்க எறக்குனீங்க?" இரண்டரை வயது அவளுக்கு, லாரியில் மூன்று நாள் பயணம், முழுக்கத் தூங்கிக்கொண்டே வந்தாள், அப்பாதான் தோளில் போட்டு இறக்கினார், ஒரு காலில் செருப்பு இல்லை. வெங்காயக் கொட்டகை வாசலில் என்றேன். "அப்போ நானும் இங்கதான் பொறந்தேன்" என்றாள்.

விளையாட்டுக்குச் சொன்னாள் என்றுதான் நினைத்தேன். இன்று காலையில் பார்க்கிறேன், ஃபிரிட்ஜ் கதவில் அம்பாரோ சான்றிதழின் நகல், அதற்குக் கீழே அவள் கையாலேயே கோடு போட்டு எழுதிய இன்னொன்று. பெயர் ரொசேந்தா. முதலில் இறக்கிய இடம் ஃப்ரூட்லண்ட், வெங்காயக் கொட்டகை வாசல். சாட்சிகள் என்று போட்டு நாலு வரி. அப்பா கையெழுத்துப் போட்டிருக்கிறார், அன்றைக்கு எங்களை வரவேற்க அங்கே நின்றிருந்த ஓஃபெலியா போட்டிருக்கிறாள், நானும் போட்டேன். நாலாவது வரி காலியாக இருக்கிறது. நீ அப்போது பிறக்கவே இல்லை, நீ எப்படிச் சாட்சி என்று உன் அப்பா கேட்டார். "அவன் போட்டாத்தான் எனக்குச் செல்லும்" என்று சொல்லிவிட்டாள்.

ஞானத்தந்தை நீதான், உனக்காக ஞானஸ்நானத்தை செப்டம்பர் கடைசிக்குத் தள்ளி வைத்திருக்கிறோம். கையுறை இல்லாமல் கத்தியைத் தொடாதே, ஈரக் காலுறையோடு படுக்காதே. மாதா உன்னைத் தன் போர்வைக்குள் வைத்துக் காக்கட்டும், நீ தொடுவதெல்லாம் துலங்கட்டும். விமானம் இறங்கியதும் நேராக வீட்டுக்கு வா, மற்றதெல்லாம் பிறகு. பேனா ஃபிரிட்ஜ் மேலேயே இருக்கிறது.

உன் வரவை எண்ணிக்கொண்டிருக்கும்,
அம்மா டோமிதிலா