குட்டை இறக்கை ஈக்களும் பாப்பாவின் அப்பாவும்

அன்புள்ள பாப்பாவின் அப்பாவுக்கு,

இங்கே நாங்கள் மூன்று பேரும் சௌக்கியம். நீங்களும் சௌக்கியம் என்று ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னீர்கள். அதற்குமேல் நான் வாயைத் திறந்ததும் உங்களுக்கு சிக்னல் போய்விட்டது. மூன்று வருஷமாகப் பார்க்கிறேன், நான் பாப்பா பேச்சை எடுக்கும்போதுதான் அது போகிறது. கடிதத்துக்கு சிக்னல் தேவையில்லை. அதனால் எழுதுகிறேன். பாதியில் மடித்து வைக்காமல் முழுசாகப் படிக்க வேண்டும், இப்போதே சொல்லிவிட்டேன்.

முதலில் வீட்டு நடப்பு. குளியலறைக் குழாய் ஒழுகுவது ஒருவழியாக நின்றது. மருந்துக்கடையில் என்னைக் காலை வேலைக்கு மாற்றிவிட்டார்கள். பாப்பாவுக்குக் கண்ணாடி போட்டாயிற்று. முதல் நாள் மூன்று முறை கழற்றி எறிந்தாள். நான்காவது முறை போட்டுக்கொண்டு ஜன்னல் கம்பியை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள், அப்புறம் கழற்றவே விடவில்லை. வெளிச்சம் கண்ணைக் கூசுவதால் கூடத்தில் கனமான திரை போட்டிருக்கிறோம். வெயிலில் போனால் முழுக்கைச் சட்டை, தொப்பி, கிரீம். படப் புத்தகத்தை மூக்கோடு ஒட்டித்தான் பார்க்கிறாள், ஆனால் ஒரு எறும்பைக்கூட விடுவதில்லை. தலைமுடி தோளுக்கு வந்துவிட்டது. பிறந்தபோது இருந்த அதே பால் வெள்ளைதான். இரண்டு பக்கமும் ரிப்பன் கட்டிவிட்டால் என் கண்ணே பட்டுவிடும்போல் இருக்கிறது.

அடுத்து ஒரு சமாச்சாரம். நான் பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன். சிரிக்க வேண்டாம். மாலை வேளையில் வெளியாட்களும் சேரக்கூடிய ஆரம்ப வகுப்பு, மரபியல். அப்பா அம்மாவிடமிருந்து பிள்ளைகளுக்கு என்ன எப்படி வருகிறது என்று சொல்லித்தரும் பாடம். கூடப் படிப்பதெல்லாம் பதினெட்டு வயசுக் குஞ்சுகள். என்னை அக்கா என்கிறார்கள், வீட்டுப்பாடத்தை மட்டும் என்னைப் பார்த்து எழுதுகிறார்கள். முதல் நாள் பேராசிரியை ஒவ்வொருவரிடமும் ஏன் சேர்ந்தீர்கள் என்று கேட்டார். டாக்டராக, ஆராய்ச்சி செய்ய என்று ஆளாளுக்குப் பெரிதாகச் சொன்னார்கள். என் முறை வந்தபோது, “வீட்ல ஒரு சண்டை பாக்கி இருக்கு மேடம், அதுக்கு ஆதாரம் வேணும்” என்றேன். வகுப்பே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்காமல், “அப்ப முன் பெஞ்ச்ல உக்காருங்க” என்றார்.

என்ன சண்டை என்று உங்களுக்குத் தெரியும். “எங்க பரம்பரையில இப்படி ஒண்ணு பிறந்ததே இல்ல” என்று ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே ஆரம்பித்தார் உங்கள் அம்மா. (அத்தை என்றுதான் எழுத நினைத்தேன். கோபம் வரும்போது மட்டும் அவர் உங்கள் அம்மா ஆகிவிடுகிறார்.) மூன்று வருஷமாக வீட்டுக்கு யார் வந்து பாப்பாவைப் பார்த்தாலும் அவருடைய மோவாய் என் பக்கம் திரும்பும். அந்த மோவாய்க்குப் பதில் சொல்லத்தான் சேர்ந்தேன்.

பதில் நான்காவது வாரமே கிடைத்துவிட்டது. ஒவ்வொரு விஷயத்துக்கும் நமக்குள் இரண்டு குறிப்பு இருக்குமாம், ஒன்று அம்மா கொடுத்தது, இன்னொன்று அப்பா கொடுத்தது. நிறம் உண்டாக்கும் குறிப்பில் ஒன்று பழுதாக இருந்தாலும் மற்றது சமாளித்துக்கொள்ளும், வெளியே ஒன்றும் தெரியாது. அப்படிப் பழுதை ஒளித்து வைத்திருக்கும் இரண்டு பேர் சேர்ந்து, இரண்டு பேருமே அந்தப் பழுதையே கொடுத்தால்தான் நம் பாப்பா மாதிரி பிறக்கும். ஒருத்தி மட்டும் கொடுத்துப் பிறக்காது. நான் கையைத் தூக்கி, நிச்சயமா மேடம், நிச்சயமா என்று இரண்டு தடவை கேட்டேன்.

பஸ்ஸில் வரும்போது சண்டையை மனசுக்குள் முழுசாக ஒத்திகை பார்த்துவிட்டேன். வீட்டுக்குள் நுழைந்தால், அத்தை திரையை இழுத்துவிட்டு, பாப்பாவை மடியில் வைத்து, கிரீம் போட்ட கையை ஊதி ஊதிக் காயவைத்துக்கொண்டிருந்தார். என்னத்தைச் சண்டை போடுவது? செருப்பைக் கழற்றிவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போனேன்.

பிறகுதான் ஈ விவகாரம். வகுப்பில் பழ ஈ வளர்க்கிறோம். வாழைப்பழக் கூழ் போட்ட பாட்டிலில் முட்டையிட்டு, புழுவாகி, ஈயாகும். நல்ல இறக்கை உள்ள ஈயையும், இறக்கை குட்டையாக இருந்து பறக்க முடியாத ஈயையும் சேர்த்தால் பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் நல்ல இறக்கைதான். அந்தப் பிள்ளைகளை ஜோடி சேர்த்து, பேரப்பிள்ளைகள் வந்ததும் எண்ண வேண்டும். அந்த நேரம் பார்த்து ஆய்வுக்கூடத்துக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆரம்பித்தார்கள். ஆளுக்கொரு பாட்டிலை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார் பேராசிரியை. நான் அதைச் சமையலறை அலமாரியில் பத்திரமாக வைத்துவிட்டு மறுநாள் காலை வேலைக்குப் போனேன். அத்தையிடம் சொல்ல மறந்துவிட்டேன்.

திரும்பி வந்தால் சமையலறையிலிருந்து ஒரே கூச்சல். “என்னத்த வாங்கி வெச்சு மறந்துட்டா பாரு, புழு வெச்சு நாறுது!” என்று அத்தை பாட்டிலைத் திறந்து பாத்திரம் கழுவும் தொட்டியில் கவிழ்த்துவிட்டார். பறக்கத் தெரிந்ததெல்லாம் பறந்துவிட்டது. விளக்கில், திரையில், அத்தையின் கொண்டையில், எங்கே பார்த்தாலும் ஈ. அடுப்பில் கொதித்த தண்ணீரை எடுத்துத் தொட்டியில் ஊற்றப் போனார். “ஐயோ அத்தை, அது என் பரீட்சை!” என்று நான் குறுக்கே விழாத குறை.

அப்போது பாப்பா நாற்காலியில் ஏறி, தொட்டிக்குள் மூக்கை விட்டுப் பார்த்து, “பாட்டி, இது நடக்குது” என்றாள். குட்டை இறக்கை ஈக்கள் எங்கேயும் போகாமல் தொட்டிச் சுவரில் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன. அத்தை பாத்திரத்தை இறக்கி வைத்தார். மூன்று பேருமாகப் பாப்பாவின் வர்ணம் தீட்டும் பிரஷால் அவற்றைத் தள்ளி டப்பாவில் போட்டோம்.

போட்டுக்கொண்டே அத்தை கேட்டார். “இதுங்க அப்பா அம்மாவுக்கும் இப்படித்தான் குட்டையா?”

“இல்ல அத்தை. ரெண்டுமே நல்லாப் பறந்ததுங்க. நானே பார்த்துப் பார்த்து உள்ள விட்டேன்.”

“அதுங்ககிட்ட இல்லாதது இதுங்களுக்கு எங்கேர்ந்து வந்துச்சு?”

“இருந்துச்சு. ரெண்டுகிட்டயும் ஒளிஞ்சு இருந்துச்சு. ஒண்ணு மட்டும் குடுத்திருந்தா இப்படி வந்திருக்காது.”

அத்தையின் கையில் பிரஷ் அப்படியே நின்றது. பாப்பாவைப் பார்த்தார். பிறகு சுவரில் இருக்கும் உங்கள் போட்டோவைப் பார்த்தார். “அன்னைக்கு ஆஸ்பத்திரியில நான் சொன்னது…” என்று ஆரம்பித்து முடிக்கவில்லை. நானும் முடித்துவைக்கவில்லை. ஒத்திகை பார்த்த சண்டை ஒரு வார்த்தைகூட ஞாபகம் வரவில்லை, நம்புங்கள்.

ஆய்வுக் குறிப்பில் உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தேன். இறக்கை உள்ளவை, சமையலறையில் இருக்கின்றன, எண்ண முடியவில்லை. குட்டை இறக்கை, இருபத்திரண்டு. பிழைக்குக் காரணம், மாமியார். பேராசிரியை புதுப் பாட்டில் கொடுத்து, மாமியாருக்கு வணக்கம் சொல்லச் சொன்னார்.

போன வாரம் மேல்மாடி அம்மா வந்திருந்தார். பாப்பாவின் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, இந்த நிறம் யாரிடமிருந்து வந்தது என்று வழக்கம்போல் கேட்டார். மோவாய் திரும்பும் என்று நான் தயாராக நின்றேன். அத்தை அசையவில்லை. “ரெண்டு பக்கமும் சேர்ந்து குடுத்தாத்தான் இந்த நிறம் வரும். பாதி என் பையன் குடுத்தது. அவனுக்கு நானே குடுத்ததோ என்னமோ, யார் கண்டா? எங்க வீட்டுப் பிள்ளைம்மா இவ” என்றார். நான் உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

இப்போது உங்களிடம் வருகிறேன். அன்று ஆஸ்பத்திரியில் நீங்கள் பாப்பாவைப் பார்த்தீர்கள். பிறகு என்னைப் பார்த்தீர்கள். வாய் திறந்து எதுவும் கேட்கவில்லை. மூன்றாவது மாதம் வெளிநாட்டு வேலை என்று கிளம்பினீர்கள், ஒரு வருஷம் என்றது இரண்டு முறை நீண்டுவிட்டது. கேட்காத அந்தக் கேள்விக்கு நான் இப்போது பதில் சொல்கிறேன். நீங்கள் பாதி கொடுக்காமல் அவள் முடி இப்படி வெளுத்திருக்காது. எதைப் பார்த்து உங்களுக்கு அந்தச் சந்தேகம் வந்ததோ, அதில்தான் நீங்கள் இருக்கிறீர்கள். குத்திக்காட்ட எழுதவில்லை. யாரும் பார்த்துப் பொறுக்கியெடுத்துக் கொடுப்பதில்லை என்கிறார் பேராசிரியை. நீங்களும் குற்றம் செய்யவில்லை, நானும் செய்யவில்லை. பாப்பாவைக் கேட்டால், நடந்ததில் குற்றம் என்ன இருக்கிறது என்று அவளே உங்களைக் கேட்பாள்.

அடுத்த பிள்ளைக்கு என்ன வாய்ப்பு என்றும் கணக்குப் போடக் கற்றுக்கொண்டேன். அதைக் கடிதத்தில் விளக்க முடியாது, நேரில் வர வேண்டும்.

இந்த மாதக் கடைசியில் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கச் சொல்வார்கள், தெரியும். கையெழுத்துப் போட்டால் இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்காதே என்று அத்தை சொல்லச் சொன்னார். அவர் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன், நான் ஒன்றும் சேர்க்கவில்லை. நான் அவ்வளவு கடுமையாகச் சொல்ல மாட்டேன். போடாதீர்கள் என்று மட்டும் கேட்கிறேன். வந்துவிடுங்கள். இங்கேயும் வேலை கிடைக்கும், கிடைக்கும்வரை மருந்துக்கடை இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை சிக்னல் போன பிறகு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினீர்கள். பாப்பாவுக்கு வெயில் தொப்பி வாங்கலாம் என்று பார்க்கிறேன், தலை அளவு என்ன என்று. மூன்று வருஷத்தில் அவளைப் பற்றி நீங்களாகக் கேட்ட முதல் கேள்வி அது. அத்தைக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். பாப்பாவிடமும் சொல்லியிருக்கிறேன், அப்பா தொப்பி கொண்டுவருவார் என்று. கேட்டதிலிருந்து வாசல் மணி அடித்தால் ஓடிப்போய்த் தலையைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள்.

அளவு நான் எழுதப் போவதில்லை. வந்து உங்கள் கையால் அளந்துகொள்ளுங்கள்.

வழி பார்த்திருக்கும்,
உங்கள் மனைவி
(முன் பெஞ்ச் மாணவி)